விருப்பமானால் மட்டும்

சென்ற இலையுதிர் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடத்தால் வந்த என் மகள் ஆரணி, கைபிடி வைத்த மட்டைப்பெட்டி ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். உள்ளே அடுக்கடுக்காகச் சொக்லேட். யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டேன். "இல்லையம்மா, விக்கிறதுக்கு" என்றாள். ஊரில் இருந்து வாசிப்பவர்கள் நம்பமாட்டீர்கள். மொன்றியலில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளிடம் சொக்லேட்டைக் கொடுத்து, தெரிந்தவர் தெரியாதவர் வீடெல்லாம் போய் விற்றுவரச் சொல்கிறார்கள். ஆரணியின் பள்ளி முற்றம் முழுவதும் வெறும் தார். கோடையில் ஒதுங்க ஒரு நிழல் இல்லை. மரம் நடவும், பிள்ளைகள் ஏறி விளையாட ஏதாவது அமைக்கவும், அரசாங்கம் தருவது போதாதென்று பெற்றோர் குழு இந்த வழியைப் பிடித்திருந்தது. பெட்டியோடு வந்த துண்டில் 'வொலோந்தேர்' என்றொரு சொல். விருப்பமானால் மட்டும் என்று பொருள்.

அந்த 'விருப்பம்' எனக்கு ஊரிலேயே பழக்கம்.

நான் திருகோணமலையில் வளர்ந்தவள். அப்பா சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். சண்டைக் காலத்தில் காசு சேர்க்க ஆயுதத்தோடு எங்கள் கதவைத் தட்டியவர்கள் ஒருவரும் அதட்டிக் கேட்கவில்லை. "விருப்பமானதைத் தாங்கோ ஐயா" என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். எந்தப் பக்கத்தார் என்று இப்போது எழுதி என்ன பயன்? எல்லாப் பக்கத்தாரும் கேட்டார்கள். அடுத்த வீட்டுச் செல்வம் மாமா ஒருமுறை, "இப்ப வசதியில்லை தம்பி" என்றார். அன்று பின்னேரமே விசாரிக்கவென்று கூட்டிக்கொண்டு போனார்கள். உயிரோடு திரும்பி வந்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் எவரிடமும் 'இல்லை' என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவர் முற்றத்தில் விழுந்த பந்தைக் கேட்டுப் போகும் சிறுபிள்ளைகளான எங்களிடம்கூட.

மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் இந்த அடுக்குமாடிக்குக் குடிவந்து எத்தனையோ வருடமாகியும் நான் ஒரு கதவையும் தட்டியதில்லை. எங்கள் கதவு தட்டப்பட்டால் அடுப்பைக் குறைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"முழுக்க நாங்களே வாங்குவம்" என்றேன் கணவரிடம்.

"உமக்கென்ன விசரே? இவ்வளவையும் ஆர் தின்னுறது?"

"பிள்ளை கதவு தட்டப் போகவேண்டாம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு காசுப்பையை எடுத்தார். திங்கட்கிழமை பணத்தை உறையில் போட்டு அனுப்பினோம். ஆரணி அழுதாள். "எல்லாரும் தாங்களாத்தான் விக்கினம். நான் மட்டும் ஏன் கள்ளமாச் செய்யவேணும்?" என்று கேட்டாள். நான் சொக்லேட்டை அலமாரிக்குள் அடுக்கினேன்.

மறுநாள் பள்ளி வாசலில் மேலனி என்னை மறித்தார். பெற்றோர் குழுவை நடத்துபவர்; உயரமான, எப்போதும் அவசரமாகச் சிரிக்கும் பெண். "ப்ராவோ, மதாம்!" என்று என் தோளைத் தட்டினார். எங்கள் பெட்டிதான் முதலில் முடிந்ததாம். நான் பெரிய விற்பனைக்காரி என்று நினைத்துவிட்டார். வேகமான பிரெஞ்சில் ஏதோ கேட்டார். எனக்குப் பாதிதான் விளங்கியது. தலையாட்டி "மெர்சி" என்று நன்றி சொன்னேன். அடுத்த நிமிடம் இரண்டாவது பெட்டி என் கையில் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை காலை கணவர் ஜான்-டலோன் சந்தைக்கு வேலைக்குப் போயிருந்தார். நான் நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்துக்குக் காவல் நின்றுவிட்டு மேலே வந்தால், வீட்டில் ஆரணி இல்லை. அவளுடைய சப்பாத்து இல்லை. பெட்டியும் இல்லை.

கூடையை வாசலிலேயே போட்டுவிட்டுப் படிகளில் ஓடினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். நீண்ட நடை, இருபக்கமும் மூடிய கதவுகள். அவற்றில் எதற்குப் பின்னால் என் பிள்ளை? முதல் கதவின் முன் கையைத் தூக்கினேன். கை தட்ட மறுத்தது. கதவு திறக்கும்போது அப்பாவின் முகம் எப்படி மாறும் என்பது மட்டும் கண்ணுக்குள் நின்றது. கடைசியில் உள்ளங்கையால் அடித்தேன். ஹெய்ட்டிக்காரக் கிழவி ஒருவர் திறந்தார். "மகள்... சொக்லேட்..." என்று திக்கினேன். "ஆ, சொக்லேட்!" என்று சிரித்து, நானும் விற்க வந்திருப்பதாக எண்ணிக் காசுப்பையை எடுக்க உள்ளே போனார். காத்து நிற்காமல் அடுத்த கதவை அடித்தேன். சங்கிலி போட்ட இடைவெளியில் ஓர் ஆண்குரல், "நோ, மெர்சி" என்றது. கதவு சாத்திக்கொண்டது.

மேல்மாடிப் படியில் ஏறும்போது அவளுடைய குரல் கேட்டது. நடையின் கோடியில், ஒரு கதவின் முன் பெட்டியோடு நின்றாள். உள்ளே நின்ற மனிதர் கையை அசைத்து மறுத்தார். ஆரணி சிரித்தபடி, "பொன் ஜூர்னே, மிஸ்யூ!" என்று நல்ல நாள் வாழ்த்தினாள். அவரும் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அவ்வளவுதான். ஒருவர் இல்லை என்றார். ஒருவர் கேட்டுவிட்டு நகர்ந்தார்.

"ஆரைக் கேட்டு வெளியில வந்தனீ?" என்று கத்தினேன்.

"ஏன் கத்துறீங்க? அவருக்கு வேண்டாமாம். அடுத்த வீட்டில கேக்கலாம்தானே?"

பெட்டியை வாங்க நீட்டிய கையால் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படியில் இருந்துவிட்டேன். எனக்கு என்ன நடந்ததென்று அவளுக்கு விளங்கவில்லை. மீதிக் கதவுகளைத் தட்டிவிட்டுத்தான் வருவேன் என்றாள். நான் கூடவே போனேன். அவள் தட்டினாள், நான் சுவரோடு ஒட்டி நின்றேன்.

திங்கட்கிழமை விற்காத சொக்லேட்டைத் திருப்பிக்கொண்டு போனேன். "இனி வேண்டாம்" என்ற பிரெஞ்சு வாக்கியத்தை பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே போனேன். மேலனி முகம் சுளிக்கவில்லை. "பா த ப்ரொப்ளெம்!" என்றார், பரவாயில்லை என்று. அந்த இலகுவில் தைரியம் வந்து, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொல்ல முயன்றேன்: எங்கள் ஊரில் கதவைத் தட்டிக் கேட்டவர்களுக்கு நாங்கள் இல்லை என்று சொல்வதில்லை. மேலனியின் கண்கள் கலங்கின. நெஞ்சில் கைவைத்து, எவ்வளவு பெருந்தன்மையான மக்கள் நீங்கள் என்றார். 'சொல்வதில்லை' என்பதற்கும் 'சொல்ல முடிவதில்லை' என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடக்க என்னிடம் பிரெஞ்சு இல்லை. தலையாட்டினேன்.

பனி கரைந்த பிறகு தாரை உடைத்து மரக்கன்றுகள் நட்டார்கள். உதவிய பெற்றோர் ஒவ்வொருவரும் தங்கள் மொழியில் நன்றி எழுதவென்று வேலியோரம் ஒரு மரப்பலகை வைத்திருந்தார்கள். மேலனி தூரிகையை என்னிடம் தந்தார். நீல மையில் 'நன்றி' என்று எழுதினேன். எழுதி முடித்தபோதுதான் உறைத்தது: அப்பாவுக்கோ அம்மாவுக்கோ, என் கணவருக்கோ இந்தச் சொல்லை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. எங்களிடம் அது மேடையில் சொல்லும் சொல். ஆரணி எழுத்துக்கூட்டி, தொண்டைக்குள் உருளும் பிரெஞ்சு 'ர'வோடு வாசித்தாள்.

அடுத்து நின்ற சீனத் தாயிடம் தூரிகையை நீட்டினேன்.

"மெர்சி" என்றார் அவர்.

"மெர்சி" என்றேன் நானும். பலகையில் என் சொல் இன்னும் காயவில்லை.