இரட்டைத் தும்மல்

எங்கள் பெரியம்மை தும்மலுக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தாள். கிளம்பும் நேரத்தில் ஒற்றைத் தும்மல் கேட்டுவிட்டால் அன்றைக்குப் பயணம் கிடையாது. பையை இறக்கி வைத்துவிட்டு மறுபடி சோறு பொங்கச் சொல்லிவிடுவாள். இரட்டைத் தும்மல் என்றால் நல்ல சகுனம். பாதிச் சாப்பாட்டில் இருந்தாலும் கையைக் கழுவிக்கொண்டு புறப்பட்டுவிடுவாள்.

அந்தப் பெரியம்மைதான் என் அக்காவை வளர்த்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. நான் பிறந்தபோது, ‘பச்சப்பிள்ளைய வச்சிக்கிட்டு ரெண்டையும் எப்படிளா பாப்ப?’ என்று அம்மாவிடம் சொல்லி, இரண்டு வயது அக்காவை உடன்குடிக்குத் தூக்கிப் போனாளாம். திருப்பித் தரவில்லை; யாரும் கேட்கவுமில்லை. நான் வந்தேன், அவள் போனாள், அவ்வளவுதான்.

மே மாதம் பத்து நாள் மட்டும் அக்கா எங்கள் மில்லர்புரம் வீட்டுக்கு வருவாள். பெற்ற தாயை ‘சித்தி’ என்பாள். விருந்தாளிக்கு எடுக்கும் தம்ளரில்தான் அம்மா அவளுக்குக் காப்பி கொடுப்பாள். அந்தத் தம்ளர்மேல் எனக்குப் பொறாமையான பொறாமை. ஆனாலும் அவள் ஊருக்குப் போன அன்று பாயில் பாதி இடத்தைக் காலியாக விட்டுப் படுப்பேன். பள்ளிக்கூடத்தில் ‘எங்க அக்கா’ என்று பேச்செடுத்தால், ‘ஒனக்கு ஏதுளா அக்கா?’ என்று சிரிப்பார்கள்.

எனக்கு ஒன்பது வயதான வருடம், அப்பா அதிசயமாக ஒரு வாக்குக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையை அடைத்துவிட்டு எங்கள் இருவரையும் கப்பல் பார்க்கக் கூட்டிப்போவதாகச் சொன்னார். அதிகம் பேசாத அக்கா அன்றைக்கு, “நான் கப்பலே பாத்ததில்லளா” என்றாள். ஆனால் பெரியம்மை சனிக்கிழமை காலையிலேயே வந்து இறங்கிவிட்டாள். காப்பி குடித்த கையோடு கிளம்ப வேண்டுமாம். ஒருநாள் பொறுக்கக் கூடாதா என்று அம்மா கேட்டதற்கு, “அங்கன அவரு சோத்துக்கு என்ன செய்வாரு?” என்று முடித்துவிட்டாள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுது யாரை மசிய வைக்க முடியும்? அலமாரியில் இருந்த அப்பாவின் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டேன். ஒரு தும்மல் போதும், இரண்டாவது வந்தால் மூக்கைப் பிடித்து அமுக்கிவிட வேண்டும் என்பது என் திட்டம். பெரியம்மை பையைத் தூக்கியதும் கதவுக்குப் பின்னால் போய் உறிஞ்சினேன்.

‘அச்!’

மூக்கு எரிய எரிய இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பெரியம்மை பையைக் கீழே வைக்கக் குனிந்தாள். அந்த நேரம் பார்த்து, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அக்கா தும்மினாள். ஒன்றே ஒன்று.

“ரெட்டத் தும்மல்லா! நல்ல சகுனம். ஏளா, நட நட!” என்று பெரியம்மை குனிந்த வேகத்திலேயே நிமிர்ந்தாள்.

ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. அக்கா என்னிடம் ஓடிவந்து, “வாரேன்ளா” என்று கன்னத்தைத் தொட்டாள். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். என் தும்மலைக் கெடுத்தவள்! உடன்குடி மேல் அவ்வளவு ஆசை இருந்தால் போகட்டும். அவள் விரல் நுனியெல்லாம் பழுப்பாக இருந்தது, கண்ணில் தண்ணீர் நின்றது. ஏறிய பிறகும் எட்டி எட்டிப் பார்த்தாள். நான் கையசைக்கவில்லை.

மறுநாள் அப்பா என்னை மட்டும் கூட்டிப்போனார். கப்பல் நின்றது. யாரிடம் காட்ட?

அடுத்த இரண்டு மே மாதமும் அவளோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவள் வருவதும் நின்றுபோயிற்று. இப்போது பொங்கலுக்குப் போன் செய்தால், “நல்லாருக்கியா, பிள்ளைங்க நல்லாருக்கா?” என்பாள். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு ஓடாது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அப்பா டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். “எவளா இதத் தொட்டது? பாதிப் பொடியக் காணோமே!”

நான் எடுத்தது ஒரே சிட்டிகை. மிச்சம் எங்கே போயிற்று என்று எனக்கும் குழப்பம்தான். எலி தின்றிருக்கும் என்று தேற்றிக்கொண்டேன். அக்காவின் விரலில் இருந்த பழுப்பு ஞாபகத்துக்கு வந்தது. உடன்குடிக்காரி அல்லவா, கருப்பட்டி தின்றிருப்பாள் என்று நினைத்துவிட்டேன்.