திருக்கை தீண்டியது

மனைவி போன பிறகு மைசூர் வீட்டில் நானும் முருகன் படமும்தான். ஒரே மகன் தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலைக்குப் போயிருந்தான். ஒரு நாள் அவனிடமிருந்து கார்டு வந்தது. "திருச்செந்தூர்க் கடலில் இறங்கினேன். திருக்கை தீண்டிவிட்டது. பத்து நாளாக வேலைக்குப் போகவில்லை. உங்களைப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது."

கடலையே கண்டிராதவன் நான். முருகன் தன் திருக்கையால் என் பிள்ளையைத் தொட்டுவிட்டான் என்றே படித்தேன். கார்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கற்பூரம் ஏற்றிவிட்டுப் பதில் எழுதினேன்: "பெரும் பாக்கியம். அந்தக் கை உன்னை என்றும் விடாதிருக்கட்டும். என்னைப் பார்க்க அவசரமில்லை, அங்கேயே இரு."

அதன் பிறகு கார்டு வரவில்லை. சாமி நினைவில் மூழ்கிவிட்டான் என்று இரண்டு மாதம் என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஆனாலும் தபால்காரர் எங்கள் தெருவைத் தாண்டும்வரை வாசலிலேயே நிற்பேன்.

ஒரு நாள் காலை, படத்துக்குப் பின்னால் விழுந்த பூவை எடுக்கக் கைவிட்டபோது, சுவரோடு ஒட்டியிருந்த பெரிய சிலந்தி கடித்துவிட்டது. விரல் வீங்கியது. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் தூத்துக்குடிக்காரர், கிறிஸ்தவர்.

"ஜேட கடிச்சிட்டுதுங்க," என்றேன்.

"இங்க இருந்து இருந்து சிலந்தியும் உங்களுக்கு ஜேட ஆயிட்டா அண்ணாச்சி? இதுக்கே முகத்தச் சுளிக்கியளே, எங்க ஊர்த் திருக்கைகிட்ட மாட்டுனா என்ன செய்வீய?"

"திருக்கையா? சாமி கைங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "மீனு அண்ணாச்சி! முறம் மாதிரி தட்டையா மணலுக்குள்ள ஒளிஞ்சு கெடக்கும். உங்க சிலந்தி சுவத்துல ஒட்டிக் கெடக்குல்லா, அப்படித்தான். ரெண்டும் தேடி வந்து தீண்டாது. கைய வச்சா இது, கால வச்சா அது. ஆனா இதுக்குப் பல்லு, அதுக்கு வாலுல முள்ளு. இந்த வீக்கம் ரெண்டு நாள்ல வத்திரும். திருக்கை அடிச்சா ஆம்பளயே அழுவான். புண்ணு லேசுல ஆறாது."

மருந்து போட்ட விரலோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ரொம்ப வலிக்கா அண்ணாச்சி?" என்று கேட்டார். ஆமென்று தலையாட்டினேன்.

அன்றே எழுதினேன்: "அப்பனுக்கு விளங்கவில்லையடா. மன்னித்துவிடு. புறப்பட்டு வருகிறேன்." எட்டாம் நாள் பதில் வந்தது. "புண் ஆறிவிட்டது. நன்றாக நடக்கிறேன். வரவேண்டாம்."

பிறகு மாதம் தவறாமல் எழுதினான். எல்லாக் கார்டிலும் சௌக்கியம் என்றே இருக்கும். காய்ச்சலில் கிடந்தான் என்பதைக்கூட அந்தப் பக்கம் போய்வந்தவர் சொல்லித்தான் அறிந்தேன். நோய்நொடி வராமல் காப்பாற்று என்று முருகனிடம் தினமும் கேட்கிறேன். வந்துவிட்டால், எனக்கு ஒரு வரி எழுதும்படி அவனுக்குப் புத்தி கொடு என்றும் கேட்கிறேன்.