கை போன பக்கம்

ஆமத்தூர்ப் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்த்துவருகிற நர்ஸ் கனகமணி. 1967 தேர்தல் சமயத்தில், மதுரையில் பத்திரிகை வேலையில் இருந்த அவருடைய தம்பி இன்பராஜ், "பொம்பளைக யாருக்குப் போடுவாகன்னு கேட்டுச் சொல்லுக்கா" என்றான்.

முதல் வீட்டில் முருகம்மாள் தீப்பெட்டி ஒட்டியபடியே, தலை நிமிராமல், "எப்பவும் போடுறதுக்குத்தாம்மா" என்றாள். அடுத்த வீட்டிலும் அதே பதில், அதே குரல். தெருக்கோடிக்குப் போவதற்குள், கேள்வியை முடிக்கும் முன்பே பதில் வர ஆரம்பித்தது. கனகமணிக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் அந்தச் சிலிர்ப்பைத் தம்பியிடம் எப்படிச் சொல்வது? "அம்புட்டுப் பேரும் பழைய கட்சிக்குத்தான்" என்று மட்டும் சொன்னார். பத்திரிகையிலும் அப்படியே வந்தது.

பழைய கட்சி தோற்றது. அந்தத் தெருவே மாற்றிப் போட்டுவிட்டதாக ஊரில் பேசிக்கொண்டார்கள்.

மறுவாரம் கனகமணி முருகம்மாளிடமே கேட்டார். "அன்னைக்குப் பொய்யா சொன்னீக?"

"பொய் இல்லம்மா. ஓட்டுச் சீட்டுல குத்துற முத்திரையக் கையில எடுக்குற வரைக்கும் அதுக்குத்தான் போடணும்னு இருந்தேன். கை தானா வேற பக்கம் போயிருச்சு."

வேறு யாருடைய கையைப் பற்றியோ பேசுவதுபோலச் சொன்னாள். எதிர்வீட்டு வேலுத்தாய் இருந்த இடத்திலிருந்தே, "எனக்கும் அப்படித்தாம்மா" என்றாள்.

கனகமணி அடுத்த வீட்டுக்கு நடந்தார். ஓட்டுச்சாவடியில் தன் கையும் அப்படித்தான் போனது என்பதை அவர் தம்பியிடம்கூடச் சொன்னதில்லை.