நான் சொல்லாமல் விட்ட செய்தி

என் கணவருக்கு வந்த முதல் அறிகுறியை நான் கைபேசித் திரையில்தான் பார்த்தேன். அவருடைய தட்டில் பாதிச் சோறு அப்படியே கிடந்தது.

அப்போது அவர் யப்பானில் இருந்தார். வடக்கே, கடலோரத்தில், பனி கொட்டும் ஒரு சிறு நகரம். மீன் பதனிடும் தொழிற்சாலையொன்றில் கணவாய் வெட்டும் வேலை. இலங்கையின் தெற்கே கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். எங்கள் இரு வீட்டாரிலும் யாரும் கடற்தொழில் செய்ததில்லை. "கடல் சுத்தின தீவிலை பிறந்தும் கணவாயை யப்பானிலைதான் தொட்டனான்" என்று சொல்லிச் சிரிப்பார்.

நான் எங்கள் மகள் யாழினியோடு புங்குடுதீவு மடத்துவெளியில் இருந்தேன். அவருக்கு இரவுச் சாப்பாட்டு நேரம் எங்களுக்குப் பின்னேரம் நாலரை மணி. முன்பள்ளியில் கற்பித்துவிட்டு வந்து, குசினியில் கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணீரோடு உட்காருவேன். அவர் அங்கே சாப்பிடுவார். நான் இங்கே பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்று வருடங்கள் இப்படித்தான் குடும்பம் நடத்தினோம்.

"ஏன் மிச்சம் விட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"பசிக்கேல்லை மதி. வேலையிலை ஏதோ பலகாரம் தந்தவங்கள், திண்டனான்."

அடுத்த நாளும் மிச்சம் இருந்தது. அதற்கடுத்த நாள் தட்டைத் திரைக்கு வெளியே தள்ளி வைத்துவிட்டுப் பேசினார். நான் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. கவனித்தேன். வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அவருக்கு யப்பான் மொழி பேச வரும். வாசிக்க வராது. அந்த எழுத்துகளைக் காட்டி, "இது கோலம் போட்ட மாதிரிக் கிடக்கு, இதுக்குள்ளை நான் என்னத்தை வாசிக்கிறது?" என்பார். அந்த நகரசபை, வெளிநாட்டவர்களுக்கென்று எளிய நடையில் தினமும் செய்திகளை இணையத்தில் போடும். ஒரு பொத்தானை அழுத்தினால் இயந்திரம் அவற்றைத் தமிழாக்கித் தரும். வேலை முடிந்து வந்து அதைப் பார்க்க அவருக்குப் பொறுமை இல்லை. ஆகவே அவர் வாழ்ந்த ஊரின் செய்திகளை மடத்துவெளியில் இருந்து நான் வாசித்து அவருக்குச் சொன்னேன்.

'நாளை எரியும் குப்பை. எட்டு மணிக்கு முன் வைக்கவும்.' 'இன்று குழாய்கள் உறையும். குழாய்களுக்கு உடுப்பு அணிவிக்கவும்.' 'பாடசாலையின் பின்புறம் கரடி தோன்றியது. நடப்பவர்கள் மணி கட்டிக்கொள்ளவும்.'

"மணி கட்டுறதோ? மாட்டுக்குக் கட்டுற மாதிரியோ?"

"ஓம். கட்டிக்கொண்டு போங்கோ. கரடி உங்களைக் கண்டு பயந்து ஓடட்டும்."

நாய்களுக்கு ஊசி போடும் நாள், முதியோர் உடற்பயிற்சி வகுப்பு, கூரையில் பனி தள்ளும்போது விழுந்தவர்களின் விபரம் எல்லாவற்றையும் நான் வாசிப்பேன். அவருக்குத் தேவையானதை மட்டும் தெரிந்தெடுத்துச் சொல்வேன். அந்த ஊரை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் எந்தத் தெருவில் பனி முதலில் கட்டிப்படும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

அதே ஆண்டு பனிக்காலம் தொடங்குமுன் நகரசபையின் மருத்துவப் பேருந்து அவருடைய தொழிற்சாலைக்கு அருகே வந்தது. நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு இரைப்பைப் பரிசோதனை. பேரியம் (எக்ஸ்ரேயில் இரைப்பை தெரிவதற்காகக் குடிக்கத் தரும் வெள்ளைக் குழம்பு) குடிக்க வைத்தார்களாம். "சுண்ணாம்பைக் குடிக்கத் தந்திட்டு, கட்டிலோடை தலைகீழாப் பிரட்டினவங்கள் மதி. வயித்துக் காத்தை ஏவறையா விடவும் கூடாதாம்" என்று அன்று பின்னேரம் சொன்னார். யாழினி விழுந்து விழுந்து சிரித்தாள்.

சில வாரங்கள் கழித்து நகரசபையின் பக்கத்தில் இப்படி ஒரு செய்தி வந்தது: 'பரிசோதனைக் கடிதம் பெற்றவர்களுக்கு. நுண்ணிய பரிசோதனை தேவை என்று எழுதியிருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும். வாசிக்க முடியாதவர்கள் கடிதத்தை எங்களிடம் கொண்டு வரவும்.'

அதை நான் வாசித்தேன். அன்றைக்கே பெரும்பனி எச்சரிக்கையும் வந்திருந்தது. ரயில் ஓடாது, வேலைக்கு நடந்து போக வேண்டாம் என்று இருந்தது. பனியைப் பற்றி அவருக்குச் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. அவருக்கு ஏதும் இருந்தால் அவர்களே கூப்பிட்டுச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். விரலால் திரையை மேலே தள்ளிவிட்டேன்.

கடிதம் அவருக்கு வந்திருந்தது. வரிக் கடிதமாக்கும் என்று எண்ணி, மற்றக் கடிதங்களோடு சேர்த்து மேசை லாச்சிக்குள் போட்டிருந்தார். நான்கு மாதங்கள் அது அங்கேயே கிடந்தது.

பனி உருகத் தொடங்கிய நாட்களில் அவருக்கு மலம் தார்போலக் கறுப்பாகப் போனது. இரைப்பைக்குள் இரத்தம் கசிந்தால் அப்படிப் போகும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. அதை அவர் எனக்குச் சொல்லவும் இல்லை. ஒரு காலை வேலைசெய்யும் இடத்தில் மயங்கி விழுந்தார்.

மறுநாள் அவருடைய அழைப்பு வந்தபோது திரையில் தெரிந்தது ஒரு நீண்ட வெள்ளைத் தாழ்வாரம். சக்கர நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் நகரசபையிலிருந்து வந்த ஒரு யப்பானியப் பெண் நின்றார். வெளிநாட்டவர்களுக்கான பிரிவில் வேலை செய்பவர். என் கணவரின் அறைக்குப் போய் உடுப்பெடுத்து வந்தவர், லாச்சியில் இருந்த கடிதங்களையும் கொண்டுவந்திருந்தார். எல்லாவற்றையும் மடியில் வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒரு கடிதத்தில் அவருடைய கை நின்றது. தலை குனிந்து என் கணவரிடம் மன்னிப்புக் கேட்டார். எதற்காக அவர் மன்னிப்புக் கேட்கிறார் என்று அந்த நேரத்தில் எனக்கு விளங்கவில்லை.

எண்டொஸ்கோப்பி (வாய் வழியே மெல்லிய குழாயை விட்டு இரைப்பையைப் பார்ப்பது) செய்தார்கள். வைத்தியர் சொன்னதைக் கைபேசி இயந்திரம் தமிழில் எழுதிக் காட்டியது. கரடிக்காக மணி கட்டச் சொன்ன அதே குரலற்ற தமிழ். 'உங்கள் வயிற்றில் தீய கட்டி உள்ளது. அது வெளியே நடந்துள்ளது.' வெளியே நடந்துள்ளது என்றால் பரவிவிட்டது என்பதைச் சிறிது நேரத்தின் பின்பே புரிந்துகொண்டோம்.

இரைப்பையில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தார்கள். பின் கீமோதெரபி (புற்றுநோய் உயிர்க்கலங்களைக் கொல்ல ஏற்றும் மருந்து). நான்கு தடவை ஏற்றிய பிறகு, வயிற்றறையின் உட்சவ்விலும் நோய் இருக்கிறது என்றார்கள். அன்று பின்னேரம் அழைப்பெடுத்தார். "மதி, நான் வீட்டை வாறன்" என்றார்.

மூன்று வருடங்களாகத் திரையில் முகத்தை மட்டுமே பார்த்திருந்தேன். விமான நிலையத்தில் முழு ஆளாகக் கண்டபோது அடையாளம் தெரியவில்லை. சட்டைக்குள் ஆள் இருப்பதே தெரியாத உடம்பு. என்னைத் தாண்டிப் போய் நின்று, திரும்பிப் பார்த்து, "நான்தான்" என்றார்.

மடத்துவெளியில் அவர் பதினோரு மாதங்கள் இருந்தார். இரைப்பை சிறுத்துப்போனவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு என்பதில்லை. ஒரு நாளில் ஆறு தடவை, ஒரு கைப்பிடி. ஒரு கரண்டி கூடினால் வியர்த்து, நெஞ்சு படபடத்து, படுத்துவிடுவார். வேகமாகக் குடலுக்குள் உணவு இறங்குவதால் அப்படி வருகிறது என்று பிறகு தெரிந்தது. இதே நிலையில் யாரையாவது பராமரிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: "இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கோ" என்று கெஞ்சாதீர்கள். அவர்கள் நமக்காகச் சாப்பிடுவார்கள். பிறகு நமக்குத் தெரியாமல் துன்பப்படுவார்கள்.

புளியங்கூடலில் இருக்கும் அவருடைய அக்கா, என் மச்சாள், ஒவ்வொரு ஞாயிறும் வருவா. ஒரு நாள் தம்பியின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே கேட்டா: "வயித்திலை இவ்வளவு பெரிய வருத்தம், முந்தியே ஒண்டும் தெரியேல்லையோ? ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

நான் குசினி வாசலில் நின்றேன். கையில் கஞ்சிக் கோப்பை.

"சொன்னவங்கள்தான் அக்கா. எனக்குத்தான் வாசிக்கத் தெரியேல்லை" என்றார் அவர்.

கோப்பையை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். அங்கே நெடுநேரம் ஒரு வேலையும் இல்லாமல் நின்றேன்.

யாழ்ப்பாணத்தில் அவரைப் பார்த்த வைத்தியர் ஓர் இளம் பெண். ஒரு நாள் அவரை வெளியே இருத்திவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். "டொக்டர், நாலு மாதம் முந்திக் காட்டியிருந்தா இவர் தப்பியிருப்பாரோ?"

எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை வைத்தார். "முந்திப் பிடிக்கிறது எப்பவும் நல்லது அம்மா. அதிலை பொய் சொல்லேலாது. ஆனா இவருக்கு அந்த நாலு மாதம் போதுமாயிருந்திருக்குமோ, அதுக்கு முதலே பரவியிருந்ததோ எண்டு சொல்ல என்னாலையும் ஏலாது, ஒருத்தராலையும் ஏலாது."

ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து அழுதிருப்பேன். இரண்டும் இல்லாத பதிலோடு இருக்கப் பழகுவதுதான் கடினம். இன்னும் பழகவில்லை.

வயிற்றில் நீர் சேரத் தொடங்கியது. இரண்டு கிழமைக்கு ஒரு தடவை ஊசியால் எடுத்தார்கள். பின்னர் ஒவ்வொரு கிழமையும். ஒரு மத்தியானம், நீர் எடுத்துவிட்டு வந்து சற்று இலேசாகப் படுத்திருந்தபோது அவருக்குச் சொன்னேன். பரிசோதனைக் கடிதம் பற்றி நகரசபை போட்ட செய்தியை நான் வாசித்தது, சொல்லாமல் விட்டது, எல்லாவற்றையும்.

கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எண்டைக்கு?"

"பெரும்பனி வந்த அண்டைக்கு."

"நீர் சொல்லியிருந்தாலும் நான் போயிருக்க மாட்டன். அந்த மாதம் லீவு தரமாட்டாங்கள்."

"எனக்காகச் சொல்லாதேங்கோ."

"உமக்காகச் சொல்லேல்லை." கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, மிக மெதுவாக, "இதை இவ்வளவு நாளும் வைச்சுக்கொண்டோ எனக்குச் சாப்பாடு தந்தனீர்?" என்றார்.

அவர் சொன்னது உண்மையோ, எனக்காகச் சொன்ன பொய்யோ, எனக்குத் தெரியாது. என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தார். அது கொஞ்ச நேரம்தான் அப்படித் தளர்ந்து இருக்கும் என்பது இருவருக்கும் தெரியும்.

வெளிநாட்டில் ஆளை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இதை எழுதுகிறேன். அங்கே இருப்பவருக்கு வரும் ஒவ்வொரு கடிதத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விளங்காவிட்டால் அந்த ஊர் அலுவலகத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். பேசத் தெரிந்தவர்கள் வாசிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படுவார்கள். அவர்களுடைய வெட்கத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எது தேவை, எது தேவையில்லை என்று நீங்களாகத் தெரிந்தெடுத்துச் சொல்லாதீர்கள். எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல் அவர் போனார். யாழினி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். மச்சாள் வந்துகொண்டிருந்தா. மூச்சு ஒன்று வந்தது. அடுத்ததற்காக நான் காத்திருந்தேன். எவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்று பிறகு கேட்டார்கள். சொல்லத் தெரியவில்லை.

முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்த பிறகு, மிஞ்சிக் கிடந்த மோர்பின் மருந்தை ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. வலிக்குத் தரும் மருந்து. வீட்டில் வைத்திருக்கக் கூடாது. எங்கள் ஒடுங்கிய ஒழுங்கையால் வீதிக்கு நடந்தேன். குறிகட்டுவானில் இருந்து யாழ்ப்பாணம் போகும் பேருந்து தூரத்தில் வருவது தெரிந்தது. வீதிக்கு இன்னும் நூறு அடிகூட இல்லை. ஓடினால் பிடிக்கலாம்.

கால்கள் ஓடவில்லை. ஓர் அடி, ஒரு தரிப்பு, மறுபடி ஓர் அடி. பதினோரு மாதங்கள் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்த நடை. இடது கை பக்கவாட்டில் சற்று உயர்ந்தே இருந்தது. அதைக் கீழே விட்டேன். நாலடி போகுமுன் மறுபடி உயர்ந்தது.

நடத்துநர், நரைத்த மனிதர், என்னைக் கண்டு பேருந்தை நிறுத்தி வைத்திருந்தார். வாசலில் நின்று, "ஆறுதலா வாங்கோ தங்கச்சி" என்றார். நான் ஏறும்போது என் நடையைப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில், "காலிலை ஏதும் வருத்தமோ?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணை. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை" என்றேன்.