பபூனுக்கு நான் எழுதிய கல்வெட்டு

நாரந்தனையில் யார் செத்தாலும் என்னைத் தேடி வருவார்கள். முதலில் குருக்களிடம், அடுத்து பந்தல்காரரிடம், அதற்கடுத்து பள்ளிக்கூட ரீச்சரான என்னிடம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு, இறந்தவரைப் புகழ்ந்து பாடும் சின்னப் புத்தகம் ஒன்றை அச்சடித்து, வந்த சனத்துக்கு வாசித்துக் காட்டிவிட்டுக் கொடுப்பது எங்கள் வழக்கம். அதற்குப் பெயர் கல்வெட்டு. கல்வெட்டு எழுதுவதில் என்னை மிஞ்ச தீவுப்பகுதியில் ஆளில்லை என்று அன்று நினைத்தேன். இன்றும் அதை மாற்றிச் சொல்ல எனக்கு உத்தேசமில்லை.

என் கல்வெட்டுகள் எல்லாவற்றிலும் ஒரு வரி தவறாமல் வரும். "யார்மனமும் நோக ஒருசொல் உரைத்தறியார்." ஓசை நன்றாக விழுகிற வரி. கஞ்சனுக்கும் பொருந்தும், கோபக்காரனுக்கும் பொருந்தும். பொருந்தாவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள் என்றிருந்தேன்.

ஒருவர் கேட்டார். அவர் கரம்பொனில் சைக்கிள் திருத்துகிறவர். கோயில் திருவிழாவில் நாடகம் போட்டால் அவர்தான் பபூன். காட்சி மாற்றுகிற நேரத்தில் திரைக்கு முன்னால் தனியே வந்து நிற்பார். பாட்டில்லை, ஆட்டமில்லை, வாய் மட்டும்தான். முன்வரிசைக் கதிரைகளில் இருக்கும் பெரிய மனிதர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார். யாரில் பார்வை நிற்கிறதோ அவருக்கு வியர்க்கும். கூட்டுறவுச் சங்கக்கடை அரிசியில் கல் நிறைந்திருந்த காலத்தில் அந்தக் கடை மனேச்சரைப் பார்த்து, "அண்ணை, நீங்கள் மதில் கட்டுறியளாம். என்ர பங்கு அரிசியில பொறுக்கின கல்லு ஒரு சாக்கு இருக்கு, கொண்டந்து தரட்டோ?" என்றார். ஆண்கள் பக்கத்திலிருந்து "ஒன்ஸ்மோர்" என்று கத்தினார்கள். யாராவது "ஒன்ஸ்மோர்" என்றால் அவர் மறுக்கவே மாட்டார். இரண்டாம் முறை இன்னும் மெதுவாக, இன்னும் பணிவாகச் சொல்லுவார். பெண்கள் பக்கத்தில் நாங்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரிப்போம். எங்களில் எவளும் கத்தியதில்லை. நான் அவருடைய ரசிகை. அதை மறைக்க எனக்கென்ன?

பிறகு ஒரு பங்குனித் திருவிழாவில் அவர் என் வரியை எடுத்தார். நான் வகுப்பில் பாட்டு வாசிக்கும் குரலிலேயே இழுத்து வாசித்தார். "யார்மனமும் நோக ஒருசொல் உரைத்தறியார்." கொஞ்சம் நிறுத்தி, தலையை ஆட்டி, "ஓமோம், சொல்லெண்டு ஒண்டும் சொல்லேல்லைத்தான். மனிசன் கையாலதான் கதைக்கிறவர்" என்றார். அதோடு விட்டாரா? "எங்கட ஊரில நல்லவனாகிறது லேசு. செத்தால் போதும். மிச்சத்தை ரீச்சர் பாப்பா."

கோயில் வீதி முழுக்கச் சிரித்தது. மூன்று தரம் "ஒன்ஸ்மோர்." என் காதெல்லாம் எரிந்தது. அடுத்த மூன்று வருடம் நான் அவரோடு ஒரு சொல் பேசவில்லை. என் சைக்கிளுக்குக் காற்றுப் போனால் கரம்பொனுக்குப் போகாமல் வெயிலில் வேலணைவரைக்கும் உருட்டிக்கொண்டு போனேன். வழியில் கண்டவர்கள் கேட்டால், உடம்புக்கு நல்லது என்று சொன்னேன்.

அவர் நெஞ்சு நோவென்று படுத்து, ஒரே நாளில் முடிந்துபோனார். கோபம் இருந்தாலும் செத்தவீட்டுக்குப் போகாமல் விட ஏலாது. நயினாதீவிலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும் லோஞ்ச் படகில் சனம் வந்திருந்தது. வேலியோரம் நின்ற சைக்கிள்களில் பாதி அவர் கைபட்டவை. இளந்தாரிகள் கூட்டம் கூட்டமாக நின்று அவருடைய பகிடிகளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், சிரித்த வாயோடே அழுதார்கள். கல்லுப் பகிடியைச் சொன்ன பெடியனுக்குச் சங்கக்கடை மனேச்சரே ஒரு சொல்லைத் திருத்திக் கொடுத்ததைக் கண்டேன். நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து காரணமில்லாமல் எல்லாரிலும் எரிந்து விழுந்தேன்.

நாலாம் நாள் வாசிகசாலைப் பெடியள் மூன்று பேர் வந்தார்கள். "ரீச்சர், அவருக்கு நீங்கள்தான் கல்வெட்டு எழுதவேணும். பாட்டு வேண்டாம். அவற்ற பகிடியள் எல்லாத்தையும் போடவேணும். உங்களைச் சொன்னதையும்தான்."

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். பொய் எழுதுகிறவள் என்றுதானே சிரித்தார்கள்? உண்மையை எழுதிக் காட்டுகிறேன் என்று கொப்பியை எடுத்து, எனக்கு விழுந்த அடியையே முதலாவதாக எழுதினேன்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் அவருடைய மனைவி ஆள் விட்டுக் கூப்பிட்டா. போனேன். குசினி வாசலில் என்னை இருத்திவிட்டு, பழைய கல்வெட்டு ஒன்றைக் கையில் தந்தா. நான் எழுதியதுதான். அவவுடைய அப்பாவுக்கு.

"ரீச்சர், இதில இருக்கிறதெல்லாம் இவருக்கும் வேணும். ஒரு வரியும் குறையக்கூடாது."

நான் கொப்பியைக் காட்டினேன். பெடியள் கேட்டதைச் சொன்னேன். அவ கொப்பியைத் தொடவில்லை.

"உங்களைச் சொன்ன அந்தப் பகிடியை அவருக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்" என்றா. "அப்பா அம்மாவுக்கு அடிக்காத நாளில்லை. நீங்கள் எழுதின வரியை வாசிக்கேக்க அம்மா முன்னுக்கு இருந்து தலையாட்டிக் கேட்டவ. எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. வீட்டை வந்து இவருக்குச் சொன்னன். மேடையில சொல்லட்டோ எண்டு என்னட்டைக் கேட்டிட்டுத்தான் சொன்னவர். உங்களுக்கு நொந்துபோச்செண்டு அவருக்குப் பிறகு சரியான கவலை. நீங்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகேக்க கடை வாசலில நிண்டு பாத்துக்கொண்டே இருப்பார்."

எனக்கு வெட்கமாக இருந்தது. கோபத்தில் வந்த வெட்கம் அல்ல, சுத்தமான வெட்கம். அடிபட்ட ஒரு மனுசி கேட்டுக்கொண்டிருக்க நான் அந்த வரியை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஓசை நன்றாக விழுகிறது என்று.

"அப்ப அதே பொய்யை உம்மட மனிசனுக்கும் ஏன் கேட்கிறீர்?" என்றேன்.

"முன்கதிரையில இருந்து சிரிச்ச ஆரும் தங்கட வீட்டில அவருக்கு ஒரு கதிரை எடுத்துப் போட்டதில்லை, ரீச்சர். பபூன் எண்டுதான் கூப்பிட்டவை. பபூன்ர பிள்ளை எண்டுதான் என்ர மகளையும் சொல்லுகினம். அடிச்ச மனிசனுக்கு எழுதினதை, என்னில ஒருநாளும் கை வைக்காத மனிசனுக்கு எழுத மாட்டியளோ?"

"அந்த வரியை வாசிச்சால் சனம் சிரிக்கும்."

"செத்தவருக்கு வாசிக்கேக்க ஆர் சிரிக்கிறது?"

எனக்குத் தெரியும் யார் சிரிப்பார்கள் என்று. எல்லாரும். அந்தச் சிரிப்பு இவவின் முகத்தில்தான் போய் விழும். இருந்தாலும் எழுதினேன், ஒரு வரி குறையாமல். கொடை, அடக்கம், பக்தி எல்லாம் போட்டேன். பெடியளிடம், "பகிடியை அச்சில போட்டால் ஆறிப்போகும், உங்களுக்கு வேணுமெண்டால் வாயால சொல்லித் திரியுங்கோ" என்றேன். அவர்களுக்கு முகம் கறுத்தது. படத்துக்கும் சண்டை. பெடியள் மேடை வேஷத்தில் எடுத்த படத்தைத் தந்தார்கள். மனைவி அடையாள அட்டைப் படத்தைத் தந்தா. அட்டைப் படத்தையே போட்டேன். அதில் அவர் யாரோ கூட்டுறவு உத்தியோகத்தர் மாதிரி இருந்தார்.

கல்வெட்டை ஆண்கள்தான் வாசிப்பது வழக்கம். அந்த வரியை இன்னொருவர் வாயில் விட எனக்கு மனம் வரவில்லை. அந்தியேட்டி மத்தியானம் பந்தலுக்குள் நானே எழுந்து நின்றேன். முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். முன்வரிசையில் கதிரைகள், பின்னால் பாயில் பெடியள், என் வலப்பக்கத்தில் மகளோடு அவ. கொடையை வாசித்தேன், அடக்கத்தை வாசித்தேன். பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். குரலை உயர்த்தி வாசித்தேன்.

"யார்மனமும் நோக ஒருசொல் உரைத்தறியார்."

சங்கக்கடை மனேச்சரிடமிருந்து மூக்கால் ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். கதிரைகள் சிரித்தன, பாய்கள் சிரித்தன, குசினிக்குள் சோறு வடித்துக்கொண்டிருந்த பெண்கள் அகப்பையோடு வெளியே வந்து சிரித்தார்கள். அவரிடம் சொல் வாங்காதவர் அந்தப் பந்தலில் ஒருவருமில்லை. பெடியள் ஒருவர் முதுகில் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவவைப் பார்க்கத் துணிவில்லாமல் பார்த்தேன்.

சேலைத் தலைப்பை வாயில் அடைத்திருந்தா. தோள் குலுங்கியது. அவ என்னிடம் கேட்ட ஒரே ஒன்றையும் நான் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது தலைப்பை எடுத்தா. கன்னமெல்லாம் கண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. பெண்கள் பக்கத்திலிருந்து யாரும் ஒருநாளும் கத்தாததை, அத்தனை சனத்துக்கும் கேட்கக் கத்தினா.

"ஒன்ஸ்மோர், ரீச்சர்!"

நான் இன்னும் மெதுவாக, இன்னும் பணிவாக வாசித்தேன்.