மாமா என்றொரு முயல்

பண்பொழி மலைக்கோயிலில் என் மகனுக்குக் காது குத்தியபோது நான் தேங்காய் பழத் தட்டை ஏந்திக்கொண்டு ஓரமாக நின்றேன். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தகப்பனுக்கு அங்கே வேலை கிடையாது. பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த என் மச்சினன், பட்டு வேட்டி சரசரக்கச் சம்மணம் போட்டிருந்தான். மூன்று வயதுப் பையன் அழுது ஊரைக் கூட்டினான்.

"அழாதலே மருமவனே, மாமா ஒனக்கு நாய்க்குட்டி வாங்கித் தாரேன்" என்றான் மச்சினன். அழுகை அப்படியே நின்றது. பக்கத்தில் நின்ற என் மகள், "எனக்கும் மாமா" என்று அவன் தோளில் தொங்கினாள். காய்ச்சலுக்கும் இருமலுக்கும் இந்தப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான். ஒரே வார்த்தையில் இரண்டையும் அள்ளிக்கொண்டான். எனக்கு வயிறு எரிந்தது.

பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் கிடையாது. எனக்குப் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை. பிள்ளைகள் எழுவதற்கு முன்பே கிளம்பி, மதியம் வெங்காய நாற்றத்தோடு தென்காசிக்குத் திரும்புவேன். கட்டிப்பிடிக்க வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். வருடத்தில் ஒருமுறை வருகிறவன் மேல் மட்டும் எப்போதும் பவுடர் வாசனை.

நல்லவேளையாக என் மனைவி, "சின்னப் பிள்ளைக இருக்குத வீட்டுல நாயெல்லாம் வேண்டாம்" என்று தன் தம்பியிடம் சொல்லிவிட்டாள். நான் இடையில் புகுந்தேன். "நாயி வேண்டாம். சாதுவா ஒண்ணு நானே பாத்து வாங்குதேன்."

பிள்ளைகள் கொஞ்சப்போகும் பிராணி என் கையால்தான் வீட்டுக்குள் வர வேண்டும். அதில் நான் உறுதியாக இருந்தேன். கடையில் சும்மா இருக்கும் நேரமெல்லாம் செல்போனில் வீடியோ பார்த்தேன். பூனை பிறாண்டும். லவ் பேர்ட்ஸ் கத்திக் கத்தி மனைவிக்குத் தலைவலி வரும். கடைசியில் மீன் என்று முடிவெடுத்தேன். கடிக்காது, கத்தாது, நாம் ஊருக்குப் போனால் ஒரு நாள் பட்டினி கிடக்கும். தென்காசியில் மீன் விற்கும் கடைக்காரரும், "அண்ணாச்சி, மீனுன்னா ஒரு தொல்லையும் இல்ல, தண்ணிய மட்டும் மாத்தினாப் போதும்" என்றார். ஆனால் கமிஷன் கடைக்காரன் புத்தி எங்கே போகும்? கேட்டவுடன் வாங்கிவிட்டால் நம் மதிப்பு என்னாவது? பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த இடைவெளியில் மச்சினன் முந்திக்கொண்டான். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியோடு வந்து, உள்ளிருந்து ஒரு வெள்ளை முயலைக் காதைப் பிடித்துத் தூக்கினான்.

"காதப் பிடிச்சுத் தூக்கக் கூடாது மாப்ள. அடியில கை குடுத்துத் தூக்கணும்" என்றேன். குற்றம் கண்டுபிடித்ததில் அத்தனை சந்தோஷம்.

"அப்படியா அத்தான்? எனக்குத் தெரியாதே" என்று சிரித்துவிட்டு அடியில் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டான். அந்தச் சந்தோஷமும் போயிற்று.

முயல் பரம சாது. பையன் வாலைத் தொட்டாலும் மீசையைத் தொட்டாலும் பேசாமல் உட்கார்ந்திருந்தது. இன்னும் ஒரு வருடம் தேடியிருந்தாலும் நான் இப்படி ஒன்றைக் கண்டுபிடித்திருக்க மாட்டேன். என் எரிச்சலே அதுதான். போதாக்குறைக்குப் பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர், மாமா.

லீவு முடிந்து அவன் ரயிலேறினான். முயல் மாமா என் தலையில் விழுந்தார். மிளகு கொட்டினாற்போல் வீடெல்லாம் கிடக்கும் புழுக்கையைக் கூட்டுவது நான். "மாமாவுக்குப் பசிக்குதாம்ப்பா" என்றால் ஓடுவதும் நான். மார்க்கெட்டில் ஒதுக்கிப் போடும் காலிஃபிளவர் இலையையும் மல்லித்தழையையும் பொறுக்கிப் பையில் போடுவதைப் பார்த்து, மூட்டை தூக்குகிறவர் கேட்டார்: "என்ன அண்ணாச்சி, மச்சினனுக்குச் சீர் போகுதா?" முயலின் பெயர் அவர் வரைக்கும் போயிருந்தது.

சாரல் தொடங்கியதும் எல்லோரும் போவது போல நாங்களும் குற்றாலம் போனோம். பிள்ளைகளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்து, அருவியில் நிறுத்தினேன். தோளில் இருந்த பையன், "மாமா இருந்தா இன்னும் உள்ள கூட்டிட்டுப் போவாங்க" என்றான். அந்தக் குளிரிலும் எனக்குச் சூடேறியது.

மறுநாள் மதியம் நான் வீட்டுக்குள் நுழையும்போது பின்பக்கம் ஒரே அழுகை. மனைவி மாடியில் காயாத துணிகளை எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், பிள்ளைகள் முயலுக்கு எண்ணெய் தேய்த்திருக்கிறார்கள். பிறகு வாளித் தண்ணீரை மேலே ஊற்றி அருவி காட்டியிருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் குளிப்பது என்றால் வேறெப்படித் தெரியும்? முயல் பாதியாகச் சுருங்கி, கண் சொருகி, வெடவெடவென்று நடுங்கிக் கிடந்தது.

மனைவி மாட்டு டாக்டருக்குப் போன் போட்டாள். "நல்லாத் தொடச்சு, சூடா வச்சுக்கிடணுமாம்" என்றாள்.

போகட்டும், விட்டது சனியன், மீன் வாங்கிவிடலாம் என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. அப்போது மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, மாமாவ எழுப்புங்கப்பா."

நிஜ மாமாவைக் கூப்பிடச் சொல்லி அவள் போனைக் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டாள்.

துண்டால் துவட்டினேன். அது நனைந்ததும் இன்னொரு துண்டு, அப்புறம் மனைவியின் பழைய சேலை. பிறகு சட்டையைக் கழற்றி அதில் முயலைச் சுற்றி, மடியில் வைத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். எண்ணெய் என் பனியன் முழுக்க ஊறியது. பிள்ளைகள் இரண்டு பக்கமும் என் தொடையில் தலை வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்கள். வெங்காய நாற்றத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை. நடுக்கம் மெல்லக் குறைந்தது. சாயங்காலம் ஒரு மல்லித்தழையை நீட்டினேன். மூக்கை அசைத்தது, பிறகு மென்றது. பையன் கை தட்டினான். என் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

தின்றுவிட்டு முயல் கண்ணை மூடிக்கொண்ட நேரம் பார்த்து மச்சினன் வீடியோவில் கூப்பிட்டான். பின்னால் ஒரு இரும்புக் கட்டிலும் கொடியில் தொங்கும் யூனிபாரமும் தெரிந்தன. "மருமக்களே, மாமா பேசுதேன். இங்கன பாருங்க" என்றான். இரண்டு பேரும் தலையைத் தூக்கவில்லை. "சத்தம் போடாதீங்க மாமா, மாமா தூங்குதாங்க" என்றாள் மகள்.

அவன் சிரிப்பு நின்றது. "எல்லாம் ஒங்க மடியிலேயே இருக்கே அத்தான்" என்றான்.

அந்த முகம் எனக்குத் தெரியும். பண்பொழியில் தட்டோடு நின்றபோது என்னிடம் இருந்தது அதே முகம். நல்ல மனுஷனாக இருந்தால் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருப்பேன். நான் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன், மடி முழுவதும் தெரியட்டும் என்று.