சாயங்காலத்தில் கிழக்கே பார்த்து நின்றேன்

என் அண்ணன் ஒரே ஒரு கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். சாயங்காலம் சிவனொளிபாதமலையின் உச்சியில் நின்றால், அந்த மலையின் நிழல் கிழக்கே எங்கள் பக்கம் முக்கோணமாக விழுந்து கிடப்பது தெரியும் என்பார். மவுசாகலை அணைத் தண்ணீரைத் தாண்டி, தேயிலை மலைகளைத் தாண்டி, நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளையும் மூடிக்கொண்டு போகும் என்பார்.

மலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இரவில் ஏறி, சூரியன் எழுவதைப் பார்த்துவிட்டு இறங்குவார்கள். காலை நிழலைப் பார்த்தவர்கள் எங்கள் தோட்டத்திலேயே பல பேர் உண்டு. அது மேற்கே இரத்தினபுரிப் பக்கம் விழும். சாயங்கால நிழலைப் பார்த்தவர் அண்ணன் ஒருவர்தான். இளவயதில் யாத்திரை சீசன் மாதங்களில், மலைப்பாதையில் இருக்கும் தேநீர்க் கடைகளுக்கு மாவு மூட்டையும் சீனி மூட்டையும் சுமந்தவர் அவர். சுமைகாரர்கள் பகலில்தான் ஏறுவார்கள். அதனால் கூட்டம் இல்லாத நேரத்தில் அவர் உச்சியில் நின்றிருக்கிறார்.

அண்ணி இதை ஒரு நாளும் நம்பியதில்லை. "நம்ம மேல நெழலு விழுந்தா நமக்குத் தெரியாதா? பொழுது சாயுது, இருட்டுது. அதத்தான் இந்த மனுசன் நெழலுங்கிறாரு" என்பார். லயத்தில் பாதிப் பேர் அண்ணனை நிழல்காரர் என்றே கூப்பிட்டார்கள். அண்ணனும் சேர்ந்து சிரிப்பார்.

இரண்டு வருடத்துக்கு முன் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு நோயால் அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் ஒரு நாற்காலியைப் போட்டு, எதிரே இருக்கும் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நிழல் கதையைச் சொல்வதை விட்டுவிட்டார். யாராவது வேண்டுமென்றே கிளறினாலும் பேச்சை மாற்றினார்.

தைப்பொங்கல் கழிந்த வாரம், அண்ணி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"தங்கச்சி, நான் அத நெசமாவே பாத்தேனா, இல்ல சொல்லிச் சொல்லியே பாத்த மாதிரி ஆயிருச்சான்னு இப்ப எனக்கே வெளங்கல."

அண்ணி வருகிறாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டார். பிறகு தொடர்ந்தார்.

"அந்த நெழலுல ஒரு விசயம் இருக்கு. அத நான் இதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொன்னதில்ல. சொன்னா இன்னும் சிரிப்பாங்க. நீ போயி பாத்துட்டு வா. போட்டோ எடுத்துட்டு வா. அந்த விசயத்த நானும் சொல்ல மாட்டேன்."

அண்ணனுக்கு ஏற்கெனவே கண்ணும் மங்கி வந்தது. கால் போனதைக்கூட அவர் இப்படித் தாழ்ந்த குரலில் சொன்னதில்லை. போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. எனக்கு ஐம்பது வயதாகப் போகிறது. பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தால் மணி அடிக்கக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்கும் இடம் வரை போய், அங்கிருந்து நடந்தே திரும்பியவள் நான். அந்த மலையில் இதுவரை ஏறியதே இல்லை. கூட வர இருந்த என் வீட்டுக்காரருக்கு அந்தச் சனிக்கிழமை தேயிலை ஸ்டோரில் வேலை விழுந்தது. அண்ணன் கேட்டுவிட்டார் என்பதற்காகத் தனியாகவே மஸ்கெலியாவுக்கு வந்து, நல்லதண்ணி பஸ்ஸில் ஏறினேன்.

கையில் இருந்தது மகள் கொழும்பிலிருந்து வாங்கி அனுப்பிய போன். பக்கத்துப் பொத்தானை அமுக்கினால் போட்டோ விழும் என்று அவள் சொல்லிக் கொடுத்திருந்தாள். நல்லதண்ணியில் இறங்கும்போதே தூறிக்கொண்டிருந்தது. எங்கள் வேலையில் மழை வந்தால் கை முதலில் தேடுவது பொலித்தீனைத்தான். தலையில் பொலித்தீன் போட்டுக்கொண்டு கொழுந்து எடுப்போம். சாப்பாட்டுப் பெட்டியைப் பொலித்தீனில் சுற்றித் தேயிலைச் செடிக்கு அடியில் வைப்போம். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் எங்கள் வீட்டில் பொலித்தீனுக்குள்தான் இருக்கிறது. அதனால் நான் யோசிக்கவே இல்லை. போனை உள்ளே இருப்பது தெரிகிற ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, வாயை ரப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டினேன்.

ஏற ஆரம்பித்தபோது பகல் பன்னிரண்டு. ஆனால் வெளிச்சம் பொழுது சாய்கிற நேரம் போல இருந்தது. பனிமூட்டம் மரங்களுக்கு நடுவே கீழே இறங்கி, படிக்கட்டின் மேல் படுத்துவிட்டது. சில சமயம் பத்துப் படிக்கு மேல் கண்ணுக்குத் தெரியவில்லை. திடீரென்று ஓரிடத்தில் பனி விலகும். அப்போது மலைக்குப் பின்னால் மலை, அதற்கும் பின்னால் இன்னொரு மலை, சாம்பல் நிறத்தில் வந்து நிற்கும். நான் பொத்தானை அமுக்குவதற்குள் ஒன்று போய்விடும். அருவி விழும் பாறை, ஈரத்தில் கருத்த மரங்கள், மேலே பனிக்குள் போய் மறையும் படிகள் என்று எல்லாவற்றையும் எடுத்தேன். எடுத்ததைப் பார்த்தால் மங்கலாகத்தான் இருந்தது. பனி அப்படி என்று நினைத்தேன். கிட்டத்தில் பார்க்க எனக்கு மூக்குக் கண்ணாடி வேண்டும். அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

இன்னும் எவ்வளவு தூரம் என்று இந்த மலையில் கேட்கக் கூடாது என்பது வழக்கம். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத எனக்கு அது வசதியாகவே இருந்தது. இறங்கி வந்தவர்கள் "கருணாவை" என்று சிங்களத்தில் வாழ்த்திவிட்டுப் போனார்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். கடைசிக் கடையில் பிளேன்டீ குடிக்க நின்றபோது, மேலே ஒன்றும் தெரியாது, எல்லாம் வெள்ளை என்று கடைக்காரம்மா சிங்களத்தில் சொன்னார். அண்ணன் மூட்டை இறக்கிய கடைகளில் இதுவும் ஒன்றாக இருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மீதிப் படிகளை ஏறினேன்.

உச்சிக்குப் போனபோது மணி ஐந்தரை. செருப்பைக் கழற்றிவிட்டு ஈரச் சிமெந்தில் கால் வைத்ததும் குளிர் உச்சந்தலை வரை ஏறியது. பாறையில் இருக்கும் பாதச் சுவட்டைக் கும்பிட்டேன். முதல் தடவை வருகிறவர்கள் மணியை ஒரு தடவை அடிக்க வேண்டும். யாரும் பார்க்காத நேரத்தில் மெதுவாக அடித்தேன். கடைக்காரம்மா சொன்னது சரிதான். நான்கு பக்கமும் வெள்ளை. என் கையை நீட்டினால் அந்தக் கையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

மேலே ஐந்தாறு பேர்தான் இருந்தார்கள். ஒரு சிங்களத் தம்பதி. கணவர் பெரிய கெமராவை முக்காலியில் பொருத்தி மேற்கே திருப்பி வைத்திருந்தார். எல்லோருமே சூரியன் இறங்குவதைப் பார்க்க மேற்குச் சுவரோரம் நின்றார்கள். நான் மட்டும் எதிர்ப்பக்கம் போய், அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றேன். அந்த அம்மா என்னை அத்தை முறை வைத்து, "நெந்தே, சூரியன் இந்தப் பக்கம்" என்று சிங்களத்தில் கூப்பிட்டார். எனக்கு முகம் சூடானது. நான் நிழலைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? சிரித்துவிட்டு அங்கேயே நின்றேன். வழி தெரியாத கிழவி என்று நினைத்திருப்பார்கள்.

ஆறு மணியாகியும் ஒன்றும் இல்லை. அண்ணனிடம் போய் என்ன சொல்வேன் என்று யோசித்தபடி, தாடை அடித்துக்கொள்ள நின்றேன். அப்போது முதுகில் இளஞ்சூடு பட்டது. மேற்கே மேகத்துக்குக் கீழே சூரியன் இறங்கியிருக்க வேண்டும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் இருந்த வெள்ளை, யாரோ இரண்டு கையாலும் விலக்கியதைப் போலப் பிரிந்து கீழே இறங்கியது.

நிழல் அங்கே கிடந்தது.

இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அண்ணன் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எனக்குப் புரிந்திருக்காது. என் காலடியில் அகலமாகத் தொடங்கி, காட்டின் மேலும் தேயிலையின் மேலும் நீல நிறத்தில் படுத்து, போகப் போகக் குறுகி, தண்ணீரைக் கடந்து அப்பால் ஒரு முனையில் முடிந்தது. இரண்டு ஓரமும் கவ்வாத்துக் கத்தியால் வெட்டியதைப் போல நேராக இருந்தன. மலை மேடும் பள்ளமுமாக இருக்கிறது. அதன் நிழலுக்கு எப்படி இவ்வளவு நேரான ஓரம் வந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அந்த ஓரத்துக்கு வெளியே லயக் கூரைகளில் வெயில் மின்னியது. உள்ளே எல்லாம் நீலம். அந்த நீலத்துக்குள் எங்கோ எங்கள் லயமும், இஸ்தோப்பில் ஒரு நாற்காலியும் இருந்தன. அந்த முனையில்தான் நானும் நிற்கிறேன் என்று தோன்றியது. கையைத் தூக்கி ஆட்டிப் பார்த்தேன். அவ்வளவு தூரத்தில் ஒன்றும் அசையவில்லை. ஏனோ சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

போனைத் தூக்கிப் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தேன். பின்னால் நின்றவர்கள் இன்னும் மேற்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதைப் பார்க்காமல் போய்விடுவார்களே என்று மனது அடித்துக்கொண்டது. குரல் எங்கிருந்து வந்ததோ தெரியாது.

"மஹத்தயா, மெஹாட்ட என்ன" என்று கத்தினேன். ஐயா, இங்கே வாருங்கள் என்று சிங்களத்தில்.

அவர் முக்காலியோடு ஓடி வந்தார். வந்தவர் கெமராவைத் தொடாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அவருடைய மனைவி கைகூப்பி "சாது, சாது" என்றார். பிறகு அவர் படம் எடுக்கத் தொடங்கினார். அந்த நேரத்தில்தான் அது நடந்தது. எங்களுக்கு முன்னாலேயே நடந்தது. அதற்குப் பிறகு சூரியன் போய்விட்டது, நிழலும் எல்லா இருட்டோடும் சேர்ந்து கரைந்துவிட்டது. அவர்கள் எனக்கு நன்றி சொன்னார்கள். அவர் எடுத்த படங்களில் ஒன்றை அனுப்பச் சொல்லி நான் கேட்கவில்லை. என் கையில்தான் படம் இருக்கிறதே என்று நினைத்தேன்.

இறங்கும்போது பாதையெங்கும் விளக்கு. கடையில் உட்கார்ந்து போனை வெளியே எடுத்துத் துடைத்தேன். கடை விளக்கைச் சும்மா ஒரு படம் எடுத்துப் பார்த்தபோது, கண்ணாடி இல்லாமலே எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பையை நீட்டிப் பார்த்தேன். முழுக்கச் சுருக்கம், உள்ளே என் கைச்சூட்டில் வேர்த்த தண்ணீர். காலையிலிருந்து எல்லாவற்றையும் அந்தப் பொலித்தீனுக்குள்ளிருந்துதான் எடுத்திருக்கிறேன். அந்தப் படத்தைக் கேட்டிருக்கலாம். அந்தத் தம்பதியை எதிர்பார்த்து ஒரு மணி நேரம் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் மேலே ஏறத் தொடங்கிவிட்டது. அவர்களைக் காணவில்லை.

மறுநாள் காலை அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணிதான் போனை முதலில் வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"பூரா ஒரே பொகையா இருக்கு. மலையத்தான் எடுத்தியா, இல்ல நம்ம வீட்டு அடுப்பயா?"

நடந்ததைச் சொன்னேன். அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. போனைக் கையில் வாங்கவும் இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொன எங்க இருந்துச்சு?" என்று கேட்டார்.

நான் ஒரு நாளும் ஆட்களுக்கு நடுவில் நீளமாகப் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன். நேரான ஓரத்தையும், நீலத்தையும், கையை ஆட்டியதையும் சொன்னேன். பிறகு கடைசியில் நடந்ததைச் சொன்னேன்.

"மொன மொதல்ல தண்ணிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்துச்சுண்ணே. சூரியன் கீழ போகப் போக அது தள்ளித் தள்ளிப் போயி, கடைசி மலையயும் தாண்டிருச்சு. அப்பறம் தரைய விட்டு எந்திரிச்சு, வானத்துல நின்னுச்சு. இன்னொரு மலை மாதிரி."

"நின்னுச்சா?"

"நின்னுச்சுண்ணே. நான் பாத்தேன்."

அண்ணன் நாற்காலியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எதிரே இருக்கும் மலையைப் பார்த்தார். பிறகு, "ஆமா. நின்னுச்சு" என்றார். அது எனக்குச் சொன்னது போல இல்லை.

அண்ணி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுவரைக்கும் ஒரு நெழல்காரரு. இப்ப ரெண்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் தேத்தண்ணியோடு திரும்பி வந்து, போனைக் கேட்டு வாங்கினார். அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, அந்தப் புகைப் படத்தில் நீலமாகத் தெரிந்த இடத்தில் விரலை வைத்தார்.

"நம்ம லயம் இதுல எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டார்.

அண்ணன் குனிந்து, விரலை அவர் விரலுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.